ஐந்தாம் வகுப்புக்குள் ஏன் டி.சி. வாங்குகிறார்கள்?

குகை, அம்மாப்பேட்டை, கிச்சிப்பாளையம் என்று சேலத்தின் பழைய பகுதிகளில் நடந்து போகும் தூரத்திலேயே அரசுத் தொடக்கப் பள்ளி இருக்கிறது. பிள்ளையை அங்கே விரும்பிச் சேர்த்த பெற்றோரே மூன்றாம், நான்காம் வகுப்பில் டி.சி. கேட்டு வருகிறார்கள். ஏன் என்றால் "இங்கிலீஷ் மீடியம்" என்பார்கள். உட்காரவைத்துப் பேசினால் வேறு காரணங்கள் வரும்.

பல வீடுகளில் முடிவைத் தீர்மானிப்பது இளைய பிள்ளைதான். பெரும்பாலான அரசுத் தொடக்கப் பள்ளிகளில் எல்.கே.ஜி. கிடையாது. சின்னவளைத் தனியார் நர்சரியில் சேர்த்ததும் வேன் வாசலுக்கு வருகிறது. கொலுசுப் பட்டறைக்கோ தறிக்கோ இருவரும் போகும் வீட்டில், இரண்டு பள்ளிக்கு இரண்டு நேரம் பார்ப்பது முடியாத காரியம். பெரியவனும் அதே வேனில் ஏறிவிடுகிறான். அவன் படித்த பள்ளிமீது அந்த வீட்டுக்கு ஒரு குறையும் இருந்திருக்காது.

அடுத்தது ஆசிரியர் எண்ணிக்கை. கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்க நிலையில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். வகுப்போ ஐந்து. ஒருவர் பயிற்சிக்குப் போனால் மற்றவரே ஐந்தையும் பார்க்க வேண்டும். பிள்ளைகள் குறைந்தால் பணிநிரவலில் ஓர் ஆசிரியர் வேறு பள்ளிக்கு மாறுவார். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் டி.சி. வாங்குவார்கள். இந்த இறக்கம் தொடங்கிவிட்டால் நிறுத்துவது மிகக் கடினம்.

பாடம் நடக்கும் விதமும் வீட்டுக்குப் புரிவதில்லை. 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் கற்றல் நிலைக்கேற்பப் பயிற்சி தருகிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை தடித்த புத்தகம் சுமக்கிறது, நம் பிள்ளை இன்னும் படம் பார்த்து எழுதுகிறது என்றுதான் அம்மாவுக்குப் படும். அதே அம்மா முன்னால் பிள்ளையை நாலு வரி வாசிக்கச் சொல்லி, போன மாதம் எங்கே இருந்தான் என்று ஆசிரியர் காட்டினால் பேச்சே மாறும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது, பள்ளி ஐந்தோடு முடிவதுதான். ஆறாம் வகுப்பு எங்கே என்று நான்காம் வகுப்புப் பெற்றோருக்கு யாரும் சொல்வதில்லை. ஆறு முதல் எட்டு வரைக்கான பள்ளி 3 கிலோமீட்டருக்குள் இருந்தால் போதும் என்பது விதி. சேலத்தில் அந்த 3 கிலோமீட்டர், பழைய பேருந்து நிலைய நெரிசலைக் கடப்பதாக இருக்கலாம். பெண் பிள்ளை என்றால் வீடு தயங்கும். காலை உணவுத் திட்டமும் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும். தனியார் பள்ளியோ எல்.கே.ஜி. சேர்க்கையிலேயே பன்னிரண்டு வரை வழி காட்டுகிறது. எப்படியும் மாற்றத்தானே வேண்டும், இப்போதே மாற்றிவிடுவோம் என்று நினைப்பதில் தப்பில்லை.

ஆனால் கணக்கின் மறுபக்கம் அவர்களுக்குத் தெரிய வேண்டும். மருத்துவப் படிப்பில் 2020 முதலும், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளில் 2021 முதலும் உள்ள 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளிகளும் இதில் சேரும். அரசு உதவிபெறும் பள்ளி சேராது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், அதுவும் அரசுப் பள்ளிதானே என்று நம்பி. கல்லூரியில் படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் இந்த ஆறு முதல் பன்னிரண்டு என்ற வரம்பே அடிப்படை. உதவிபெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவர்களுக்கும் இந்த இரண்டு திட்டங்களும் உண்டு. அரசு வேலையில் தமிழ்வழிக்கான 20 சதவீத முன்னுரிமை கேட்க ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி வேண்டும். இடையில் ஒரே ஓர் ஆண்டு ஆங்கிலவழி போனாலும் அந்த உரிமை போய்விடும்.

தலைமையாசிரியர்கள் நான்காம் வகுப்பின் இரண்டாம் பருவத்திலேயே வேலையைத் தொடங்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தான். அந்தக் கூட்டத்திலேயே ஆறாம் வகுப்புள்ள அரசுப் பள்ளிகளின் பட்டியலை வைக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பேருந்து எண், ஆங்கிலவழிப் பிரிவு உண்டா, அறிவியல்–கணிதம், சமூக அறிவியல், மொழி ஆகிய மூன்றுக்கும் ஆசிரியர் இருக்கிறார்களா, மாணவியர் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா என்று எழுத வேண்டும். பிப்ரவரியில் ஒரு வேலைநாளில் ஐந்தாம் வகுப்புப் பெற்றோரை அங்கே நேரில் கூட்டிப்போக வேண்டும். விடுமுறை நாளில் போனால் கட்டடம்தான் தெரியும்.

ஏற்கெனவே தனியார் பள்ளிக்குப் போய்விட்டவர்களுக்கும் ஐந்தாம் வகுப்பு முடியும்வரை நேரம் இருக்கிறது. ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு வந்தால் 7.5 சதவீதத்துக்குத் தகுதி உண்டு. கட்டணம் கட்டித் தனியாரில் படிக்கும் பிள்ளை ஏழாம் வகுப்பில் வந்தால் கிடையாது. பழைய பள்ளி டி.சி. தர இழுத்தடித்தாலும் பயப்பட வேண்டாம்: டி.சி. தாமதத்தைச் சொல்லி அரசுப் பள்ளி சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. ஜூன் மாதம் பிள்ளையோடு நேரே போய்ச் சேர்க்கை கேட்கலாம்.