ஒழுகாத குழாயும் இறுகிய ஸ்டியரிங்கும்

பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் லாரியைப் பின்னுக்கு எடுத்து நிறுத்துவதைப் பார்த்தாலே அந்த வண்டியின் ஸ்டியரிங் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். நல்ல வண்டியென்றால் டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டிக்கொண்டு ஒரு கையாலேயே சுற்றுவார். என் சித்தப்பாவின் 2006 மாடல் ஆறு சக்கர லாரியில் போன வருடம் டிரைவர் சீட்டை விட்டுப் பாதி எழுந்து, இரண்டு கையாலும் வளையத்தைப் பிடித்துத் தொங்க வேண்டியிருந்தது. ஹைவேயில் ஏறிவிட்டால் அதே ஸ்டியரிங் பரவாயில்லை. ஆனால் வளையத்தை ஒடிக்கும்போதெல்லாம் பானட்டுக்குள்ளிருந்து ஒரு முனகல்.

ஒரு பட்டறையில் ஸ்டியரிங் பாக்ஸைக் கழற்றி சீல் கிட் மாற்றினார்கள். மூன்றாம் நாளே பழைய குருடி கதவைத் திறடி. இன்னொரு இடத்தில் ஸ்டியரிங்குக்கு எண்ணெய் தள்ளும் பம்ப் போய்விட்டது, புதுசு போட வேண்டும் என்றார்கள். கடைசியில் காரிமங்கலம் தாண்டி ஒரு ரோட்டோரப் பட்டறை. அந்த மேஸ்திரி ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னால் கேட்டது இதுதான்: “எப்போ இறுகுதுங்க? நிக்கும்போதா, ஓடும்போதா? ரேஸ் பண்ணா லேசாகுதா?”

இந்தக் கேள்வியில்தான் பாதி வைத்தியம் இருக்கிறது. ஏன் என்று புரிய, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சரக்கோடு சேர்த்து 16.2 டன் எடை வரும் இந்த மாதிரி லாரியில் முன் அச்சுக்கு மட்டும் 6 டன் வரை பாரம் உட்காரும். வண்டி உருளும்போது டயர் திரும்புவது சுலபம். நிற்கும்போதோ, ரப்பர் தார் மீது தேய்ந்துகொண்டே திரும்ப வேண்டும். அதனால்தான் கோளாறு முதலில் மண்டியில் தெரிகிறது, ஹைவேயில் தெரிவதில்லை.

அந்தத் தேய்ப்பை வெல்லும் பலம் எண்ணெயிலிருந்து வருகிறது, அதுதான் பவர் ஸ்டியரிங். ஸ்டியரிங் பாக்ஸுக்குள் ஒரு பிஸ்டன் இருக்கிறது. அதன் குறுக்களவு 8 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பரப்பு சுமார் 50 சதுர சென்டிமீட்டர். எண்ணெயின் அழுத்தம் 100 பார், அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ. பெருக்கினால் 5 டன். உள்ளங்கை அகலப் பிஸ்டன் ஒன்று 5 டன் பலத்தோடு பற்சக்கரத்தைத் தள்ளுகிறது. அது வெளியே இருக்கும் டிராப் ஆர்ம் என்ற கையை அசைக்க, டிராக் லிங்க் என்ற தண்டு வழியாகச் சக்கரம் திரும்புகிறது. பாஸ்கல் விதியைப் பள்ளியில் படித்தபோது இதை யாராவது காட்டியிருந்தால் இன்னும் இரண்டு மார்க் வாங்கியிருப்பேன்.

எந்தப் பக்கம் தள்ளுவது என்று எண்ணெய்க்கு எப்படித் தெரியும்? வளையத்துக்கும் பாக்ஸுக்கும் நடுவில் டார்ஷன் பார் என்று ஒரு மெல்லிய எஃகுக் கம்பி இருக்கிறது. டயர் முரண்டு பிடிக்கும்போது நாம் சுற்றும் சுற்றில் அந்தக் கம்பி சில டிகிரி முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கலே வால்வை நகர்த்துகிறது. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். நேராகப் போகும்போது எல்லா மடையும் திறந்து கிடக்கும். எண்ணெய் பம்பிலிருந்து வந்து, சும்மா சுற்றி, ஆயில் டப்பாவுக்கே திரும்பிவிடும். வளையத்தை ஒடித்தால் ஒரு பக்க மடை அடைபடும். போக வழியில்லாத எண்ணெய் அழுத்தம் ஏறிப் பிஸ்டனின் ஒரு முகத்தைத் தள்ளும். பியர்ஸ் ஆரோ லாரிப் பிரிவில் வேலை பார்த்த பிரான்சிஸ் டேவிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1926-லேயே இப்படி ஒன்றை வண்டியில் பூட்டி ஓட்டிக் காட்டிவிட்டார். விற்பனைக்கு வந்த காரில் அது ஏற 1951 வரை, கிரைஸ்லர் இம்பீரியல் வரும் வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

எண்ணெய் உதவி நின்றாலும் வளையத்துக்கும் சக்கரத்துக்கும் இரும்புத் தொடர்பு அறுவதில்லை. ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாது, கனக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்த ‘அவ்வளவுதான்’ எவ்வளவு என்பது தொப்பூர் கணவாயில் தெரியும். டீசல் மிச்சம் பிடிக்க இன்ஜினை அணைத்துவிட்டு இறக்கத்தில் விடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்ஜின் நின்றால் ஸ்டியரிங் பம்பும் நிற்கும், பிரேக்குக்குக் காற்று ஏற்றும் கம்ப்ரசரும் நிற்கும். வளைவில் இரண்டும் ஒன்றாகத் தேவைப்படும்.

சரி, பட்டறைக்கு வருவோம். மேஸ்திரி முதலில் முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, டிராக் லிங்க்கைக் கழற்றிவிட்டு, டயரைக் கையால் திருப்பிப் பார்த்தார். சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின் கிரீஸ் காணாமல் வறண்டு பிடித்திருந்தால் எந்தப் பம்ப் போட்டும் பயனில்லை. பழைய லாரிகளில் ‘பவர் போச்சு’ என்று வருவதில் சில வெறும் கிரீஸ் பஞ்சம்தான். எங்கள் வண்டியில் சக்கரம் லேசாகவே திரும்பியது. இடம் வலம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கனம் என்று டிரைவர் சொல்லிவிட்டதால் பாக்ஸ் மீது சந்தேகம் குறைந்தது. ஒரு பக்கம் மட்டும் கனத்தால் பாக்ஸுக்குள் சீலோ வால்வோ போயிருக்கலாம். வளையம் ஆடினால் அது எண்ணெய் விவகாரமே இல்லை, தண்டுகள் சேரும் மூட்டுகளை, அதாவது பால் ஜாயின்ட்டுகளைப் பார்க்க வேண்டும்.

மிச்சம் இருப்பது ரேஸ் பண்ணினால் லேசாகிறது என்று டிரைவர் சொன்ன குறிப்பு. பம்ப்புக்குள் ஒரு உருளை, அதன் பிளவுகளில் வழுக்கி வெளியே வரும் சின்னச் சின்ன எஃகுத் தகடுகள். அவை சுவரை உரசிக்கொண்டு எண்ணெயைத் தள்ளும். தகடு தேய்ந்தால் இடுக்கில் எண்ணெய் கசியும். அந்தக் கசிவு அழுத்தத்தைப் பொறுத்தது, வேகத்தைப் பொறுத்ததல்ல. ஐடிலில் பம்ப் நிமிடத்துக்கு 10 லிட்டர் தள்ளி 4 லிட்டர் கசிகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட பாதி போச்சு. மூன்று மடங்கு ரேஸ் பண்ணினால் 30-இல் அதே 4 தான் போகும், யாருக்கும் தெரியாது. அதனால் பம்ப் என்று சொன்ன பட்டறைக்காரரையும் குறை சொல்ல முடியாது.

ஆனால் முனகல்? மேஸ்திரி ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து, இன்ஜின் ஓடும்போது டார்ச் அடித்துக் காட்டினார். சிவப்பாக, கண்ணாடி போல இருக்க வேண்டிய எண்ணெய் ரோஸ்மில்க் நிறத்தில் நுரைத்துக்கொண்டிருந்தது. உள்ளே காற்று. எண்ணெயை அமுக்க முடியாது, தள்ளினால் தள்ளும். காற்றை அமுக்கினால் சுருங்கிவிடும். பம்ப் போடும் உழைப்பு குமிழிகளை நசுக்குவதிலேயே தீர்ந்துபோகிறது. அந்தக் குமிழிகள் நசுங்கும் சத்தம்தான் முனகல்.

காற்று எங்கிருந்து? ஒரு சொட்டு எண்ணெய்கூட எங்கும் ஒழுகவில்லையே என்று சித்தப்பா கேட்டார். ஒழுகாததுதான் விஷயம். பம்பிலிருந்து பாக்ஸுக்குப் போகும் குழாயில் ஓட்டை என்றால் எண்ணெய் பீய்ச்சும். (அப்படி இருந்தால் கையால் தடவிப் பார்க்கக் கூடாது, அட்டையைப் பிடித்துத்தான் தேட வேண்டும், அந்த அழுத்தத்தில் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.) டப்பாவிலிருந்து பம்ப்புக்கு வரும் ஹோஸ் வேறு ஜாதி. பம்ப் அதில் உறிஞ்சுகிறது. உள்ளே வெளிக்காற்றை விட அழுத்தம் குறைவு. அங்கே விரிசல் விட்டால் எண்ணெய் வெளியே வராது, காற்று உள்ளே போகும். இன்ஜின் நின்றபின் லேசாகக் கசிந்தாலும் அந்தத் தூசியில் யார் பார்த்தார்கள்?

மேஸ்திரி விரலில் கொஞ்சம் கிரீஸ் எடுத்து, ஓடிக்கொண்டிருந்த இன்ஜினில் பெல்ட்டுக்குப் படாமல் கையை நீட்டி, ஹோஸ் பம்பில் சேரும் இடத்தில் கிளாம்ப் ஓரமாக அப்பினார். நாலைந்து வினாடியில் முனகல் தணிந்தது. துணியால் துடைத்தார், திரும்ப வந்தது. அதைப் பார்த்தபோது பாக்ஸைக் கழற்றின கூலி என் கண் முன்னால் வந்து போனது.

இருந்தாலும் அவர் கேஜைப் போட்டுப் பார்க்காமல் விடவில்லை. ஹோஸை மாற்றியபின் பம்ப்புக்கும் பாக்ஸுக்கும் நடுவே அழுத்தமானியையும் ஒரு வால்வையும் இணைத்து, வால்வை மூடி, முள் ஏறியதும் உடனே திறந்தார். ஐந்து வினாடிக்கு மேல் மூடி வைத்தால் எண்ணெய் கொதித்துப் பம்ப் சீல் கருகும். முள் போக வேண்டிய இடத்துக்குப் போனது. பம்ப் நல்ல பம்ப். அப்புறம் வால்வைத் திறந்தே விட்டு, வளையத்தைக் கடைசி வரை ஒடித்துப் பார்த்தார். அப்போதும் முள் அதே அளவுக்கு வந்தது, பாக்ஸும் நல்ல பாக்ஸ்.

டப்பாவுக்குள் இருந்த பில்டர் கறுத்துப் போயிருந்தது, அதையும் மாற்றினார். எண்ணெய் விஷயத்தில் அவர் கறார். வண்டிப் புத்தகத்தில் போட்டிருப்பதைத் தவிர வேறு ஊற்ற மாட்டார். அவசரத்துக்குப் பிரேக் ஆயில் ஊற்றி வந்த ஒரு வண்டியில் சீல் எல்லாம் ஊறிப் பெருத்துக் கெட்டுப்போயிருந்ததாம்.

கடைசியில் ஏர் எடுக்க வேண்டும். முன் சக்கரம் தூக்கிய நிலையிலேயே, இன்ஜினைப் போடாமல், வளையத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாகப் பத்துப் பதினைந்து முறை சுற்றினார்கள். டப்பாவில் குமிழி வர வர, மட்டம் இறங்க இறங்க, எண்ணெய் ஊற்றிக்கொண்டே இருந்தார் பையன். பிறகு ஐடிலில் ஓடவிட்டு அதையே இன்னொரு தடவை. கோடியில் பிடித்து நிறுத்தாமல், தொட்டதும் திருப்பிவிட வேண்டும். நுரை அடங்கி எண்ணெய் தெளிய அரை மணி நேரம் பிடித்தது.

மொத்தச் செலவு கூலியோடு 1,400 ரூபாய். பில்லைக் கொடுத்துவிட்டு மேஸ்திரி டிரைவரிடம் சொன்னார்: “ஒரு நடை சேலம் போயிட்டு வந்ததும் அந்த கிளாம்ப்பை இன்னொரு சுத்து இறுக்கிடுங்க தம்பி. புது ரப்பர், சூட்டுல கொஞ்சம் அமுங்கும்.”