கேசட்டை டெக்கில் போடும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள்

போன மாதம் ஓர் அக்கா கடைக்கு வந்தார். பையில் ஒரு வீடியோ கேசட். அதன் வாயிலிருந்து ஒரு முழம் டேப் கசங்கித் தொங்கியது. 1991-இல் எடுத்த தோட்டத்து மாரியம்மன் தீமிதி. அவருடைய அப்பா கரகம் எடுத்து வருவது இந்த ஒரு கேசட்டில்தான் இருக்கிறதாம். தோட்டமே இப்போது இல்லை, லயத்தை இடித்துச் செம்பனை நட்டுவிட்டார்கள். மகன் யாரிடமோ பழைய வீடியோ டெக் வாங்கி வந்து ஆசையாகப் போட்டிருக்கிறான். பத்து நிமிடம் ஓடியது, அப்புறம் கரகரவென்று சத்தம்.

மலேசியாவில் எங்கள் பெஸ்தாரி ஜெயாவில் (2007 வரை பத்தாங் பெர்ஜுந்தை, கடைக்கு வரும் பெரியவர்களுக்கு இன்றும் அதுதான்) நான் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். முப்பது வருடம் அலமாரியில் சும்மா கிடந்த டேப், கணினியில் ஏற்றலாம் என்று எடுத்த அன்று அறுந்துபோகிறது.

காரணம் பூஞ்சை. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு அது வராமல் இருந்தால்தான் அதிசயம். கேசட்டின் கண்ணாடி ஜன்னலில் டார்ச்சைச் சாய்த்து அடியுங்கள். சுற்றிய டேப்பின் விளிம்பு கருப்பாக, பளபளப்பாக இருக்க வேண்டும். விபூதி தூவியதுபோல வெள்ளை தெரிந்தால் டெக் பக்கமே கொண்டு போகாதீர்கள். பூஞ்சை பிடித்த சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், டெக் இழுக்கும்போது கிழியும். போதாததற்கு அந்தத் தூள், டெக்கில் டேப்பைப் படிக்கும் பாகமான ஹெட்டில் படிந்து, அடுத்துப் போடும் நல்ல கேசட்டையும் கெடுக்கும். ஹெட் போனால் வேறு டெக் தேட வேண்டியதுதான். கடைசி வரை டெக் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016-இல் நிறுத்திவிட்டது.

வெள்ளை இல்லையா? சரி, முதலில் கேசட்டின் முதுகில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் தாவலை உடைத்துவிடுங்கள், தவறி ரெக்கார்ட் அமுக்கினாலும் பழைய படம் அழியாது. பிறகு டேப்பை ஒருமுறை கடைசி வரை ஓட்டித் திரும்பச் சுற்றுங்கள்.

கணினியில் ஏற்றுவது பெரிய வித்தை இல்லை. டெக்கைக் கணினியோடு இணைக்கும் யூஎஸ்பி கேப்சர் கருவி சில பத்து வெள்ளிக்குக் கிடைக்கும். மஞ்சள் வயர் படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் சத்தத்துக்கு. மென்பொருளில் நம் நாட்டு வீடியோ முறையான பால் (PAL) என்பதைத் தேர்ந்தெடுங்கள், அளவு 720×576, விநாடிக்கு 25 பிரேம். அமெரிக்கா, ஜப்பான் முறையான என்டிஎஸ்சி (NTSC) என்று விட்டுவிட்டால் படம் கருப்பு வெள்ளையாக வரும், அல்லது உருளும். அவசரமும் உதவாது: மூன்று மணிநேரக் கேசட் ஏற மூன்று மணிநேரம்தான். அதுவரை கணினி தூங்கிவிடாதபடி செட்டிங்கை மாற்றி வையுங்கள்.

சத்தத்தில்தான் நான் ஒருமுறை ஏமாந்தேன். ஒரு கல்யாணக் கேசட் முழுவதையும் ஏற்றி முடித்துப் போட்டுப் பார்த்தால், நாதஸ்வரத்துக்குப் பதில் கடையின் காற்றாடிச் சத்தம், நடுவே நான் போனில் மீன் விலை கேட்பது! மென்பொருள் கேப்சர் கருவியை விட்டுவிட்டு மடிக்கணினியின் மைக்கை எடுத்திருக்கிறது. இப்போதெல்லாம் முப்பது விநாடி பதிந்து, காதில் கேட்ட பிறகுதான் முழுதாக ஓட விடுகிறேன்.

ஏற்றிய கோப்பை இரண்டு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள், ஒன்று வேறு வீட்டில் இருக்கட்டும். கேசட்டையும் தூக்கிப் போட வேண்டாம்.

அந்த அக்காவின் கேசட்டைத் திறந்து, பூஞ்சையைத் துடைத்து, கசங்கிய இடத்தை வெட்டி ஒட்டினேன். சில விநாடிப் படம் போயிற்று. கரகம் தப்பியது. டேப் மாட்டியதும் மகன் பயந்து கையால் இழுத்திருக்கிறான், கசங்கல் பாதி அதனால் வந்ததுதான். உங்கள் வீட்டில் மாட்டிக்கொண்டால் கரண்டை நிறுத்திவிட்டு, கேசட்டை உள்ளேயே விட்டு, டெக்கோடு தூக்கிக்கொண்டு வாருங்கள்.