வல்ஹல்லாவுக்கு எத்தனை கதவு? 540-ஆ, 640-ஆ?

நார்ஸ், அதாவது பழைய ஸ்காண்டிநேவியக் கடவுள்களோட வீட்டு அட்ரஸ் எல்லாம் நமக்குக் கிடைக்கறது கிரிம்னிஸ்மால்ங்கற பழைய பாட்டுலதான். அதைச் சொல்றது அவங்க தலைமைக் கடவுள் ஓடினே. மாறுவேஷத்துல போய் ஒரு ராஜாகிட்ட மாட்டிக்கிட்டு, ரெண்டு நெருப்புக்கு நடுவுல எட்டு ராத்திரி பட்டினியா உக்காந்துக்கிட்டு, யார் யாருக்கு எந்த மாளிகைன்னு ஒண்ணொண்ணா சொல்றார், தங்கத் தூணும் வெள்ளிக் கூரையுமா இருக்கற கிளிட்னிர் போர்செட்டிக்கு, நோவாதூன் நியோர்டுக்கு, இப்படியே போகும்.

ஓடினோட மாளிகை வல்ஹல்லா, போர்ல செத்த வீரர்கள் போய்ச் சேர்ற இடம், அதுக்குக் கேடயத்தாலயே கூரை. கதவு "அஞ்சு நூறும் நாலு பத்தும்". உலகம் முடியற கடைசிப் போர்ல ஃபென்ரிர்ங்கற ராட்சத ஓநாயோட சண்டை போட ஒவ்வொரு கதவு வழியாவும் "எட்டு நூறு" வீரர்கள் வெளிய வருவாங்களாம். சரி, 540 x 800 போட்டா 4,32,000. அட, நம்ம கலியுகத்தோட வருஷக் கணக்கு! இதை வச்சு ரெண்டு புராணத்துக்கும் முடிச்சு போடறவங்க நிறைய பேர், எனக்கும் முதல்ல புல்லரிச்சுதுதான்.

ஆனா இதுல ஒரு சிக்கல் இருக்கு. பழைய நார்ஸ்ல "ஹுந்த்ராத்" அதாவது நூறுன்னா வழக்கமா 120. நம்ம 100 அவங்களுக்கு வெறும் "பத்து பத்து"தான், அதுக்கப்புறம் "பதினொரு பத்து", அதையும் தாண்டி பன்னெண்டு பத்து சேர்ந்தாதான் ஒரு நூறு. பங்கு பிரிக்க இது ரொம்ப வசதி, 120-ஐ மூணு பேருக்கும் பிரிக்கலாம், ஆறு பேருக்கும் எட்டு பேருக்கும் பிரிக்கலாம், 100-ஐ மூணாப் பிரிச்சுப் பாருங்க, ஒண்ணு மிஞ்சும். பின்னாடி 100-ங்கற அர்த்தமும் வந்து கலந்ததால ஐஸ்லாந்துல "பத்து பத்தான நூறு", "பன்னெண்டு பத்தான நூறு"ன்னு தனித்தனியா சொல்ல வேண்டியதாச்சு.

அந்தக் கணக்குல பார்த்தா கதவு 640, கதவுக்கு 960 பேர், மொத்தம் 6,14,400. கலியுகம் காலி! மொழிபெயர்க்கறவங்க இன்னைக்கும் ரெண்டு விதமாவும் போடறாங்க.

நிஜத்துல வைக்கிங் காலத் தலைவர்கள் இருந்தது மரத்தால கட்டின நீள வீட்டுல, நடுவுல அடுப்பு, சுத்தி பெஞ்சு. நார்வேல லோஃபோட்டன் தீவுக்கூட்டத்துல போர்க்ங்கற இடத்துல தோண்டி எடுத்தது 83 மீட்டர் நீளம், இதுவரைக்கும் கிடைச்சதுல பெரியது அதுதான்னு சொல்றாங்க. அதையே மனசுல பெருசாக்கினா வல்ஹல்லா மாதிரி ஒண்ணு வந்துடும்.

இன்னொண்ணு, ஓடினோட பையன் தோரோட பில்ஸ்கிர்னிர் மாளிகைக்கும் அதே பாட்டுல அதே "அஞ்சு நூறும் நாலு பத்தும்"தான் வருது, அதனால இது கணக்கே இல்ல, "எக்கச்சக்கம்"னு சொல்ற ஒரு வழின்னுதான் எனக்குப் படுது. அங்க ஓடின் கூடவே இன்னொண்ணும் சொல்றார்: எனக்குத் தெரிஞ்சு கூரை போட்ட வீட்டுலயே பெருசு என் பையனோடதுதான்.