ஹூப் நெட்: வளைய வலையா, தூக்குவலையா?

அக்டோபர் பிறந்துவிட்டால், தென் கலிஃபோர்னியாவில் பொழுது சாயும் நேரத்தில் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகுகள் கடலில் இறங்கும். சான் டியாகோவின் மிஷன் பே போன்ற அலை அடங்கிய இடங்களில், பின்பக்கம் நாலைந்து வட்ட வலைகளை அடுக்கிக்கொண்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தனி ஆளாகத் துடுப்புப் போட்டுப் போவார்கள். லாப்ஸ்டர் என்கிற பெரிய கடல் இறாலைப் பிடிக்கத்தான். விற்பதற்கு அல்ல, வீட்டுச் சமையலுக்கும் பொழுதுபோக்குக்கும். அவர்கள் கொண்டுபோகும் வலைக்குப் பெயர் ஹூப் நெட். இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

'ஹூப்' பழைய ஆங்கிலத்திலிருந்தே வரும் சொல். மரப் பீப்பாயின் பலகைகள் பிரியாமல் சுற்றிப் போடும் பட்டைக்குத்தான் முதலில் அதிகம் வழங்கியது. நமக்கு வளையம் இருக்கிறது, 'வளை' என்ற வேரிலிருந்து வந்தது. வளைவு, வளையல் எல்லாம் அதே குடும்பம். எலி வளை, நண்டு வளை என்கிறோமே, அந்த வளையையும் சேர்த்துப் பார்த்தால் சுவையாக இருக்கும். பகலெல்லாம் பாறை வளைக்குள் பதுங்கிக் கிடக்கும் இறாலை இரவில் வளையத்துக்கு வரவழைப்பதுதான் இந்த வேலையே.

அப்படியானால் 'வளைய வலை' என்று சொல்லி முடித்துவிடலாமா? எனக்குச் சம்மதமில்லை. மீன் கூட்டத்தைப் படகால் சுற்றி வளைத்துப் பிடிக்கும் பெரிய வலைகள் வேறு இருக்கின்றன. 'வளைய வலை' என்றால் கடற்கரைக்காரர் மனத்தில் அதுதான் வரும். ஹூப் நெட் எதையும் வளைப்பதில்லை. இரண்டு வளையங்கள், மேலே பெரியது, கீழே சிறியது. இடையில் வலை, நடுவில் இரைக்கூண்டு. தரையைத் தொட்டதும் வழக்கமான வகை தட்டையாகப் படுத்துவிடும். இறால் அதன்மேல் நடந்து வந்து இரையைக் கொறிக்கும். வந்த வழியே போகவும் முடியும், கதவு ஏதும் கிடையாது. அதனால் இது பொறியும் அல்ல, கூடும் அல்ல. இழுக்கும்போது மேல்வளையம் எழுந்து வலை பையாக மாறும் அந்தச் சில நொடிகளில்தான் பிடிபடுகிறது. நடுவில் கை தளர்ந்தால் வாலைச் சுண்டிப் பின்பக்கமாகப் பாய்ந்து தப்பிவிடும். ஆக, இந்தக் கருவியின் உயிர் வளையத்தில் இல்லை, தூக்குவதில் இருக்கிறது. தூக்குவாளி போல 'தூக்குவலை' என்பதே என் தேர்வு. வடிவமும் தெரிய வேண்டும் என்பவர் 'வளையத் தூக்குவலை' என்று நீட்டிக்கொள்ளலாம்.

சரி, பிடிபடுவதற்குத் தமிழில் என்ன பெயர்? 'லாப்ஸ்டர்' என்ற சொல்லின் மூலம் லத்தீனின் 'லோகுஸ்டா'. அதற்கு வெட்டுக்கிளி என்றும் பொருள், இந்தக் கடல் உயிர் என்றும் பொருள். ஸ்பானிய மொழியின் 'லங்கோஸ்டா' இன்றும் இரண்டையும் குறிக்கிறது. கலிஃபோர்னியாவில் இதைப் பிடிப்பவர்கள் செல்லமாக 'பக்' என்பார்கள், அதாவது பூச்சி. நாம் பூச்சி பக்கம் போகவே இல்லை. சங்கப் பாடல்களின் இறா, இறவு தொடங்கி இறால் என்றே வைத்துக்கொண்டோம். சிங்கி இறால், கல் இறால் என்பவை நம் கரையில் வழங்கும் பெயர்கள். (சோற்றுக்குச் 'சிங்கியடிப்பது' வேறு சிங்கி, இதன் விலையைப் பார்த்தால் உறவு இருக்க நியாயமில்லை.) சிலர் 'கடல் நண்டு' என்று மொழிபெயர்ப்பது தவறு. கலிஃபோர்னிய இனத்துக்கு நண்டுக்குரிய பெரிய கொடுக்கே கிடையாது, நீண்ட உணர்கொம்புகளும் முள்ளும்தான். கையுறை இல்லாமல் தொட வேண்டாம். அதன் பேரினம் பானுலிரஸ். குமரிக் கடலின் சிங்கி இறாலும் அதே பேரினம்தான். ஆகவே சிங்கி இறால் என்ற பெயரை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு வேடிக்கை: பாலினூரஸ் என்ற பழைய பேரினப் பெயரின் எழுத்துகளை இடம் மாற்றித்தான் பானுலிரஸ் என்ற பெயரை உண்டாக்கினார்கள். மீண்டும் கலைத்துப்போட்டு லினுபாரஸ் என்று மூன்றாவது பேரினத்துக்கும் வைத்தார்கள். அறிவியலாளருக்கும் பெயர்ப் பஞ்சம் வரும் போல.

கயாக்கை அப்படியே விட்டுவிடலாம். வடதுருவப் பகுதியின் இனுயிட் மக்களுடைய 'கயாக்', சட்டத்தின்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்திய வேட்டைப் படகு. தோணி, ஓடம் என்று மாற்றினால் அந்த வேட்டைக்காரன் காணாமல் போய்விடுவான். இப்போது இறாலுக்குப் போகிறவர்களில் பலர் வைத்திருப்பது மேலே உட்காரும் பிளாஸ்டிக் வகை. அலை ஏறினால் துளை வழியே வடிந்துவிடும். அந்த ஒரு குணத்தில் மட்டும் அது நம் கட்டுமரத்துக்குச் சொந்தம்.

கடைசியாக 'நெட்டிங்', அதாவது இந்த வலையால் பிடிக்கும் வேலை. 'வலை வீசுதல்' பொருந்தாது, இங்கே யாரும் எதையும் வீசுவதில்லை. இறக்குகிறார்கள், காத்திருக்கிறார்கள், தூக்குகிறார்கள். புதிதாகத் தொடங்குகிறவர் வெளிச்சம் இருக்கும்போதே இடத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு வலையோடு ஆரம்பித்தால் போதும். கலிஃபோர்னியச் சட்டம் ஆளுக்கு ஐந்து வலை வரை அனுமதிக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையாவது தூக்கிப் பார்த்தே ஆக வேண்டும் என்றும் சொல்கிறது. பலர் அரை மணிக்கே தூக்கிவிடுவார்கள். 16 வயது ஆனவருக்கு மீன்பிடி உரிமம் வேண்டும், இறால் பதிவட்டை எந்த வயதினருக்கும் வேண்டும். ஒரு நாளைக்கு ஏழு இறால். கண்குழியின் பின்விளிம்பிலிருந்து முதுகு ஓட்டின் பின்விளிம்பு வரை மூன்றேகால் அங்குலம் இல்லாவிட்டால் உடனே கடலில் விட்டுவிட வேண்டும். அதற்கான அளவுகோலைக் கயிற்றில் கட்டி மிதவை அங்கியில் தொங்கவிட்டுக்கொள்வது நல்லது. இருட்டில், ஆடும் கயாக்கில், மடியில் ஒன்று துள்ளும்போது பையைத் துழாவ நேரம் இருக்காது.