இரண்டு கிலோ ரிவால்வரை இடுப்பு எப்படித் தாங்கும்?

பழைய கருமருந்து ரிவால்வர்களில் சில இரண்டு கிலோ எடை இருக்குமாமே, அதைக் கட்டிக்கொண்டு ஒரு மனிதர் எப்படி நாள் முழுக்க நடமாடினார் என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இருப்பதிலேயே கனமானதைப் பெரும்பாலும் குதிரைதான் சுமந்தது. மற்றவற்றை இடுப்பு தாங்கிய விதத்தில் ரசிக்கத்தக்க இயற்பியல் இருக்கிறது.

அமெரிக்காவில் 1847இல் செய்யப்பட்ட கோல்ட் வாக்கர்தான் கனத்துக்குப் பேர்போனது. டெக்சஸ் ரேஞ்சர்ஸ் என்ற காவல்படையில் இருந்த சாமுவேல் வாக்கரின் யோசனைகளைக் கேட்டு சாமுவேல் கோல்ட் வடிவமைத்தது. எடை 2 கிலோவுக்குச் சற்று மேல், குழல் 9 அங்குலம், மொத்த நீளம் கிட்டத்தட்ட 40 செ.மீ. அத்தனை கனம் எதற்கு? வெடியுப்பு, கந்தகம், கரித்தூள் கலந்த கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் புகையும் கசடுமாகத் திடப்பொருளாகிவிடும். மீதி வாயுதான் குண்டைத் தள்ளும். ஆகவே வேகம் வேண்டுமென்றால் மருந்தை அள்ளிப் போடவேண்டும். வாக்கரின் சுழலும் உருளையில், மருந்தும் குண்டும் போடும் ஒவ்வொரு அறையும் ஏறத்தாழ 4 கிராம் மருந்து கொள்ளும். அப்படி ஆறு அறைகள், அன்றைய இரும்பு வெடிக்காமல் தாங்கும் அளவுக்குச் சுவர்கள். அப்படியும் சில உருளைகள் வெடித்தன.

சரி, இப்போது சுமக்கும் விஷயத்துக்கு வருவோம். 2 கிலோ என்றால் கீழ்நோக்கி 20 நியூட்டன் விசை. இடுப்பெலும்புக்கு இது ஒரு பொருட்டே இல்லை. தொல்லை தருவது திருப்புத்திறன். தண்ணீர்க் குடத்தை இடுப்போடு அணைத்துத் தூக்குவதற்கும் கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. துப்பாக்கியின் ஈர்ப்பு மையம் பெல்ட்டிலிருந்து 5 செ.மீ. வெளியே தள்ளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 நியூட்டனை 0.05 மீட்டரால் பெருக்கினால் 1 நியூட்டன் மீட்டர். இந்தத் திருப்பம் பெல்ட்டின் மேல்விளிம்பை வெளியே இழுக்கும், கீழ்விளிம்பை இடுப்புக்குள் அழுத்தும்.

பெல்ட்டின் அகலம் 3 செ.மீ. என்றால், அந்தத் திருப்பத்தை அது 3 செ.மீ. இடைவெளிக்குள்ளேயே சமாளித்தாக வேண்டும். கீழ்விளிம்பில் விழும் விசை சுமார் 33 நியூட்டன், அதாவது துப்பாக்கியின் எடையைவிட அதிகம்! அகலத்தை 6 செ.மீ. ஆக்குங்கள், 17க்கு இறங்கிவிடும். இன்னும் அழகான வழியும் உண்டு. துப்பாக்கி உறையின் அடிப்பகுதி, பெல்ட்டுக்கு 20 செ.மீ. கீழே, தொடையில் படிந்து நின்றால் அங்கே 5 நியூட்டன் போதும். ஒரு கிராம்கூடக் குறையவில்லை, ஆனால் இடுப்பில் வெட்டும் வலி காணாமல் போகிறது. நீளக் குழலை எல்லோரும் பாரமாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் நிற்கும்போதும் நடக்கும்போதும் அந்த நீளம்தான் துணை: ஈர்ப்பு மையமும் பெல்ட்டுக்குக் கீழே இறங்கிவிடுவதால் கைப்பிடி கவிழாமல் துப்பாக்கி தானே நிமிர்ந்து தொங்கும்.

உட்கார்ந்தால்தான் வம்பு. இடுப்புப் பக்கமாகத் தொங்கும் 9 அங்குலக் குழல் சேணத்திலோ நாற்காலியிலோ இடித்து உறையை மேலே தள்ளும். உறையைச் சாய்வாக வயிற்றின் முன்பக்கம், எதிர்க்கையால் உருவும்படி வைத்தால், உட்காரும்போது குழல் தொடையோடு படுத்துக்கொள்ளும்.

வாக்கருக்கு வழக்கமான இடம் சேணத்தின் முன்மேடு. அங்கே இரண்டு உறைகளைப் பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கவிட்டார்கள். இரண்டிலும் துப்பாக்கி இருந்தால் இடப்பக்கத் திருப்பமும் வலப்பக்கத் திருப்பமும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும், சேணம் சரியாது.

திரைப்படக் கதாநாயகர்கள் தொடையில் தாழக் கட்டிய உறை 20ஆம் நூற்றாண்டில் வெள்ளித்திரை பரப்பிய பாணி. கனமான துப்பாக்கிக்கு அது மோசமான தேர்வு. தொடை ஒவ்வொரு எட்டுக்கும் முன்னும் பின்னும் வீசுகிறது. அதில் கட்டிய எடையையும் தசை ஒவ்வொரு முறையும் முடுக்கி, பிறகு நிறுத்தவேண்டும். பாதத்தில் ஏற்றிய ஒரு கிலோ, உடம்பின் நடுவில் ஏற்றிய ஒரு கிலோவைவிடப் பல மடங்கு ஆற்றலைத் தின்னும் என்று அளந்து காட்டியிருக்கிறார்கள். சுமக்கும் விதம் சரியாக இருந்தால் செலவு எவ்வளவு குறையும் என்பதற்கும் சான்று உண்டு: கென்யாவின் லுவோ, கிகுயு இனப் பெண்கள் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை கூடுதல் ஆற்றல் செலவில்லாமல் சுமப்பதை 1986இல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு சொன்னது. இப்படிப்பட்ட ஆய்வுக்கெல்லாமா பணம் என்று கேட்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வரும். நாள் முழுக்க மூட்டை சுமக்கிறவர்கள் உலகில் கோடிக்கணக்கில் இருக்கையில், சுமை பற்றிய ஆய்வுக்குத் தாராளமாகவே நிதி ஒதுக்கலாம்.

கடைசியில் பெரும் நிவாரணம் உலோகத்திலிருந்து வந்தது. மேம்பட்ட எஃகு கிடைத்ததும், 1860இல் வந்த கோல்ட் ஆர்மி மாடல் வாக்கரின் அதே .44 அங்குலக் குழல் விட்டத்தை ஏறத்தாழ 1.2 கிலோவில் அடக்கியது. பின்பகுதி குறுகி முன்பகுதி மட்டும் பருத்த உருளை, சிறிய சட்டகத்திலேயே பொருந்திக்கொண்டது. குதிரைப்படை வீரர்கள் அதை மூடியுள்ள உறையில், வலது இடுப்பில், கைப்பிடி முன்னோக்கி இருக்குமாறு அணிந்தார்கள்.

இன்று வாக்கரின் நகல்களை இத்தாலியில் யூபர்டி நிறுவனம் செய்கிறது. அதை எடுத்துக்கொண்டு காட்டில் நடப்பவருக்கு, மார்பின் குறுக்கே சாய்வாகக் கட்டும் உறையைத்தான் சொல்வேன். எடை தோளுக்குப் போகும், ஈர்ப்பு மையம் உடம்போடு ஒட்டும், குழல் தொடையிலும் இடிக்காது, சேணத்திலும் இடிக்காது.