பேச்சு நேரடி, அறிமுகம் மட்டும் சர்வர் வழி

பாளையங்கோட்டையில் ஒரு கணக்கு டீச்சர், அம்பாசமுத்திரத்தில் ஒரு பிளஸ் டூ மாணவி. இருவரும் பிரவுசரைத் திறந்து முகம் பார்த்துப் பேச வேண்டும். படமும் குரலும் நடுவில் எந்த நிறுவனத்தின் கம்ப்யூட்டரிலும் ஏறி இறங்கக் கூடாது. அதற்கான வசதி பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது. பெயர் வெப்ஆர்டிசி. 2011-இல் கூகுள் இதன் மூலநிரலைத் திறந்துவிட்டது. 2021 ஜனவரியில், வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இதை முறையான தரமாக அறிவித்தது.

நேரடிப் பேச்சுதான். ஆனாலும் ஒரு சர்வர் இல்லாமல் தொடங்காது. மாணவியின் போன் இணையத்தில் எந்த முகவரியில் இருக்கிறதென்று டீச்சரின் லேப்டாப்புக்கு எப்படித் தெரியும்? கல்யாணத் தரகர் இரு வீட்டு ஜாதகத்தையும் மாற்றிக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதுபோல, சிக்னலிங் சர்வர் இருவர் விவரத்தையும் மாற்றிக் கொடுக்கிறது. எந்த வீடியோ கோடெக் (படத்தைச் சுருக்கி விரிக்கும் முறை) தெரியும், மறையாக்கச் சான்றிதழின் கைரேகை, அதாவது அதை அடையாளம் காட்டும் குறி, என்ன, எந்தெந்த முகவரியில் பிடிக்கலாம்: எல்லாம் சேர்த்துச் சில கிலோபைட்தான்.

இதை அமைப்பது ஒரு மாலை வேலை. மிகச் சிறிய வாடகை சர்வரில் ஜாவாஸ்கிரிப்ட் நிரலை ஓட்டும் நோட்ஜேஎஸ், அதன்மேல் இந்தத் தரகு வேலையைப் பார்க்கும் பியர்சர்வர். முன்னால், வருகிற கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் என்ஜின்எக்ஸும், பாதுகாப்பான இணைப்புக்கான எச்டிடிபிஎஸ் சான்றிதழும் அவசியம். எச்டிடிபிஎஸ் இல்லாத தளத்துக்கு பிரவுசர் கேமராவைத் திறந்துவிடாது. இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும் வெப்சாக்கெட் கேட்கும் 'அப்கிரேட்' ஹெடரை (கோரிக்கையின் தலைப்புக் குறிப்பை) என்ஜின்எக்ஸ் தானாகக் கடத்தாது, அமைப்புக் கோப்பில் நாம்தான் சேர்க்க வேண்டும்.

உண்மையான சிக்கல் முகவரியில்தான். லேப்டாப்புக்குத் தெரிந்த முகவரி 192.168.1.7. அது வீட்டு ரௌட்டர் கொடுத்தது. அம்பாசமுத்திரத்திலிருந்து அந்த எண்ணுக்கு எதுவும் வந்து சேராது. வெளியே தெரியும் முகவரியைக் கேட்டுச் சொல்லத்தான் ஸ்டன் சர்வர். 3478-ஆம் போர்ட்டில் (முகவரியின் வாசல் எண்) அதற்கு ஒரு பொட்டலம் (டேட்டா பாக்கெட்) அனுப்பினால், 'நீ இந்த முகவரியின் இந்தப் போர்ட்டிலிருந்து வந்தாய்' என்று பதில் வரும். அந்தப் பதிலைத் தரகு சர்வர் வழியே மறுபக்கம் அனுப்ப, இருவரும் ஒரே சமயத்தில் ஒருவரை நோக்கி ஒருவர் பொட்டலம் வீசுவார்கள். உள்ளிருந்து வெளியே போன பொட்டலத்துக்குப் பதில்தான் வருகிறது என்று ரௌட்டர் நம்பிக் கதவைத் திறக்கிறது. எனக்கு இந்த இடம் ஒவ்வொரு முறையும் வியப்பு.

மாணவி மொபைல் டேட்டாவில் இருந்தால் கதை மாறலாம். ஐபிவி4 என்னும் பழைய வகை முகவரிகள் பற்றாததால் மொபைல் நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்கின்றன. சில வலைகளில், பேசும் ஆள் மாறினால் போர்ட் எண்ணும் மாறும். ஸ்டன் சர்வர் பார்த்துச் சொன்ன போர்ட் டீச்சருக்குப் பயன்படாது. இரு பக்கமும், முகவரிகள் தாராளமாக உள்ள புதிய வகையான ஐபிவி6 இருந்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. ஒரு பக்கம் இல்லாவிட்டால் பல சமயம், பொட்டலங்களை நடுவில் வாங்கி மறுபக்கம் கொடுக்கும் டர்ன் என்னும் ரிலே சர்வர்தான் கதி. கோடர்ன் என்ற இலவச மென்பொருள் ஸ்டன், டர்ன் இரண்டு வேலையையும் பார்க்கும்.

செலவு இங்கேதான். ஆளுக்கு விநாடிக்கு 1 மெகாபிட் என்றால், ஒரு மணி நேரத்தில் ரிலேக்கு உள்ளே 900 மெகாபைட், வெளியே 900 மெகாபைட். அந்த ரிலே மும்பையில் இருந்தால், முப்பது நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் இருவரின் பேச்சு மும்பை போய்த் திரும்பும், குரல் தாமதிக்கும். ஆகவே காசு செலவழிப்பதாக இருந்தால், சென்னையில் இருக்கும் சர்வராகப் பார்த்து ரிலேக்குச் செலவழியுங்கள்.

ரிலே வழியே போனாலும் உள்ளடக்கம் மறையாக்கத்தில்தான் போகும். ரிலேயால் அதைப் படிக்க முடியாது. கவனம் வேண்டியது தரகு சர்வர்மீது. சான்றிதழின் கைரேகை அதன் வழியாகத்தான் போகிறது. அந்தச் சர்வரைக் கைப்பற்றியவர் கைரேகையை மாற்றி நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்கலாம். பிள்ளைகள் பேசும் வகுப்புக்குத் தரகு சர்வரை நாமே வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். ரிலேயின் கடவுச்சொல்லையும் சில மணி நேரத்தில் காலாவதியாகும்படி வையுங்கள். நிரந்தரச் சொல்லை வலைப்பக்கத்தில் எழுதிவைத்தால் பக்கத்தின் நிரலைப் பார்ப்பவர் எவரும் எடுத்துக்கொள்வார், டேட்டா பில் உங்கள் தலையில் விழும்.