கோபம் ஆறும்போது எது ஆறுகிறது?

‘ஆறுவது சினம்’ என்று சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். பெரியவர்கள் ஆன பிறகும் “கோபம் ஆறட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம்” என்கிறோம். இதில் உருவகம் இருப்பதாக யாருக்கும் தோன்றாது, அவ்வளவு சாதாரணமான பேச்சு. ஆனால் ‘ஆறு’ என்ற வினையை மட்டும் தனியே எடுத்துப் பாருங்கள். காய்ச்சிய பால் ஆறும். பட்ட புண்ணும் ஆறும். கோபம் இந்த இரண்டில் எதைப் போல ஆறுகிறது?

மனம்போன போக்கில் சொல்லாமல், சாட்சிகளைச் சேர்த்துப் பதில் சொல்ல முடிகிற கேள்வி இது. அதனாலேயே எனக்கு இதில் இவ்வளவு பிடிப்பு.

1980ல் மொழியியலாளர் ஜார்ஜ் லேக்கஃபும் தத்துவ ஆய்வாளர் மார்க் ஜான்சனும் சேர்ந்து எழுதிய ஒரு நூல், உருவகம் கவிதைக்கு மட்டுமே உரியது என்ற எண்ணத்தை அசைத்தது. கண்ணுக்குத் தெரியாத, கைக்கு அகப்படாத விஷயங்களை நாம் தொட்டுப் பழகிய ஒன்றின் வழியாகத்தான் நினைக்கிறோம், பேச்சில் வரும் சொற்கள் அந்த நினைப்பின் தடயங்கள் என்பது அவர்கள் வாதம். நேரத்தைச் செலவழிக்கிறோம், மிச்சப்படுத்துகிறோம், வீணடிக்கிறோம், ஒருவருக்காக ஒதுக்குகிறோம். எல்லாம் பணத்தோடு பழகிய வினைகள். இங்கே சொற்களைக் கடன் கொடுக்கும் பணம் மூலக்களம். வாங்கிக்கொள்ளும் நேரம் இலக்குக்களம். (‘கடன்’ என்று இப்போது நான் எழுதியதே பணக் களத்திலிருந்து வந்த சொல்தான். இதைப் பற்றி உருவகம் இல்லாமல் எழுதுவது கஷ்டம்.)

மூலக்களத்துக்கும் இலக்குக்களத்துக்கும் உள்ள பொருத்தத்தை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும் ஒரு பழைய உதாரணம் நம்மிடமே இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பவணந்தி முனிவரின் நன்னூல், ‘நூல்’ என்ற சொல்லுக்கு விளக்கம் சொல்லும்போது பஞ்சில் நூல் நூற்பதை எடுத்துக்கொள்கிறது. சொல்தான் பஞ்சு. பனுவல் இழை. நூற்கும் பெண்ணின் இடத்தில் புலவன். அவள் கைக்குப் பதிலாக இவன் வாய். இழையை முறுக்கும் கதிருக்குப் பதிலாக இவன் மதி. இத்தனையும் சேர்ந்தால் நூல் முடிகிறது. இன்றைய ஆய்வாளர்கள் அட்டவணை போட்டுக் காட்டும் பொருத்தம் முழுவதும் நான்கு அடிக்குள் இருக்கிறது.

அதைவிட அழகு அடுத்த பாடலில். அங்கே அதே ‘நூல்’ தச்சரின் கைக்குப் போய்விடுகிறது. மரத்தின் கோணலைத் தீர்க்கும் நூலைப் போல, மனிதரின் மனக்கோணலைத் தீர்ப்பது நூலின் பெருமை என்கிறது அந்தப் பாடல். சொல் ஒன்றுதான், மூலக்களம் இரண்டு. ஒரு பாடலில் நூற்பு, இன்னொன்றில் தச்சு. எந்தப் பாடலில் எது என்று நமக்கு எப்படித் தெரிந்தது? ஒன்றில் பஞ்சும் கதிரும் இருந்தன, மற்றதில் மரமும் கோணலும் இருந்தன. ‘நூல்’ என்ற சொல்லை மட்டும் எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் இது தெரிந்திருக்காது. உருவகம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் தனிச் சொல் வாய் திறக்காது. அக்கம்பக்கத்துச் சொற்கள்தான் காட்டிக்கொடுக்கும்.

சரி, அன்றாடப் பேச்சுக்கு வருவோம். முதலில் ஒரு சொல் உருவகமாகத்தான் நிற்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். இதற்கு 2007ல் பத்து ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு செயல்முறையை வெளியிட்டார்கள். தங்கள் முதற்பெயர்களின் முதலெழுத்துகளைக் கோத்து ‘பிராகிள்ஜாஸ்’ என்று தங்கள் குழுவுக்கே பெயர் வைத்துக்கொண்டவர்கள். செயல்முறை எளிமையானது. பகுதியை முழுக்கப் படி. ஒவ்வொரு சொல்லுக்கும் அந்த இடத்தில் என்ன பொருள் என்று பார். அதே சொல்லுக்கு இன்றைய வழக்கில் இன்னும் அடிப்படையான பொருள் உண்டா என்று தேடு. அடிப்படை என்றால் உடலோடு ஒட்டியது, கண்ணால் பார்க்கக்கூடியது, திட்டவட்டமானது. இரண்டு பொருளும் வேறாக இருந்து, ஒன்றை மற்றதோடு ஒப்பிட்டுப் புரிந்துகொள்ளவும் முடிந்தால், உருவகம் என்று குறித்துக்கொள்.

“அந்தச் செய்தியை இன்னும் ஜீரணிக்க முடியவில்லை” என்பதில் ‘ஜீரணி’ உடனே சிக்கிவிடும். வயிற்றின் வேலை மனதின் வேலையாகியிருக்கிறது. “பிரச்சினையை அலசினார்கள்” என்பதும் சிக்கும், ஆனால் ஒரு நொடி யோசித்த பிறகுதான். துணியை நீரில் முக்கி அலசுவது நினைவுக்கு வர வேண்டும். துப்புத் துலக்குவது இன்னும் ஆழத்தில் கிடக்கிறது. துலக்குவது பாத்திரத்தைத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்குவது. அழுக்கைப் போக்கினால் உண்மை தெரியும் என்ற எண்ணம் இரண்டிலும் இருக்கிறது.

இந்தச் செயல்முறை ஆங்கிலத்துக்காகச் செய்யப்பட்டது. தமிழில் வைத்துப் பார்த்தால் கையைக் கடிக்கும் இடங்கள் உண்டு. ‘எழுதித் தள்ளினார்’ என்பதில் தள்ளு உருவகமா, வெறும் துணைவினையா? ‘வந்து தொலை’ என்றால் தொலைவது யார்? ‘முடித்துவிட்டான்’ என்பதில் எதை விட்டான்? என் கருத்தில், ‘விடு’ போல இலக்கணமாகவே கரைந்துபோனதை விட்டுவிடலாம். ‘தள்ளு’, ‘தொலை’ போல இன்னும் ஒரு படம் ஒட்டியிருப்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். எல்லாரும் இதை ஒப்புக்கொள்வார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏதோ ஓர் இடத்தில் கோடு போட்டே ஆக வேண்டும், போட்ட கோட்டைக் கடைசிவரை மாற்றாமல் இருக்கவும் வேண்டும்.

இப்படி எண்ணினால் எவ்வளவு தேறும்? ஆம்ஸ்டர்டாமில் மொழியியலாளர் ஹெரார்ட் ஸ்டேன் தலைமையிலான குழு அந்தச் செயல்முறையை விரிவாக்கி, ஏறத்தாழ 1,90,000 ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகச் சோதித்து 2010ல் முடிவை வெளியிட்டது. சராசரியாக ஏழு அல்லது எட்டுச் சொல்லுக்கு ஒன்று உருவகத்தோடு தொடர்புடையதாக இருந்தது. கதைகளில்தான் அதிகம் இருக்கும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் முதலிடம் கல்விசார் எழுத்துக்கு, 18.5 சதவீதம். அடுத்தது செய்தி, அதற்கும் பின்னால்தான் புனைகதை. உரையாடலில் 7.7 சதவீதம். பேசும் விஷயம் கண்ணுக்குப் புலப்படாததாக ஆக ஆக, புலப்படுகிற சொற்களின் உதவி கூடுதலாகத் தேவைப்படுகிறது.

உருவகம் என்று தெரிந்த பிறகுதான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. மூலக்களம் எது? நான் கைக்கொள்ளும் வழி இது: அந்த வினை வழக்கமாக எந்தப் பெயர்ச்சொல்லோடு வரும் என்று பார்ப்பது, அதே இலக்குக்களத்தைப் பற்றிப் பேசும் மற்றச் சொற்களையும் கூட்டிவருவது, பிறகு அந்தக் கூட்டம் எந்த எல்லைக்குள் நிற்கிறது என்று சோதிப்பது.

கோபத்துக்கு இதைச் செய்து பார்ப்போம். கொதித்தார். பொங்கினார். கோபம் தலைக்கேறியது. அடக்கிக்கொண்டார், கடைசியில் வெடித்துவிட்டார். பார்த்தவுடன் ‘கோபம் ஒரு திரவம்’ என்று எழுதத் தோன்றும். அவசரப்பட வேண்டாம். அன்பும் திரவம்தான்: அன்பு சுரக்கிறது, அன்பில் நனைகிறோம், அன்பு மழை பொழிகிறார்கள். கோபத்தில் யாராவது நனைந்ததுண்டா? கோபம் யாருக்காவது சுரந்ததுண்டா? அன்பின் நீர் ஊற்றிலும் வானத்திலும் இருப்பது. கோபத்தின் நீர் மூடிய பாத்திரத்தில், அடுப்பின் மேல் இருப்பது. இரண்டுக்கும் ‘திரவம்’ என்று பெயர் சூட்டினால் பொய் இல்லை, ஆனால் பயனும் இல்லை. சொற்கள் அனுமதிக்கிற அளவுக்கு மூலக்களத்தைக் குறுக்கிச் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் அதிகம் நடக்கிற தவறு, பெரிய பெயராகச் சூட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான்.

கோபத்துக்கு இன்னொரு கூட்டமும் இருக்கிறது. எரிந்து விழுந்தார். பற்றிக்கொண்டு வந்தது. கண்ணில் அனல் பறந்தது. இங்கே பாத்திரம் இல்லை, நெருப்பு மட்டுமே. சினத்தைச் ‘சேர்ந்தாரைக் கொல்லி’ என்று நெருப்பின் பெயராலேயே அழைக்கும் குறள், அடுத்த அடியில் ‘சுடும்’ என்ற வினையால் அதை உறுதிசெய்கிறது. ஆக, கொதிக்கும் நீர், எரியும் தீ என்று இரண்டு மூலக்களம். இரண்டுக்கும் பொதுவானது சூடு.

ஏன் சூடு? உடலே ஒரு காரணம் தருகிறது. 1983ல் உளவியலாளர் பால் எக்மனும் சகாக்களும் செய்த சோதனையில், கோபத்தின்போது விரல்களின் வெப்பம் பயத்தின்போது இருந்ததைவிட அதிகமாக உயர்ந்தது. உடல் எல்லாருக்கும் ஒன்றுதான், மொழிகள் அதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறுபடும். சீன மொழியில் கோபத்தின் மூலக்களம் சூடான நீராக இல்லாமல், உள்ளே அடைபட்டு அழுத்தும் வாயுவாக இருக்கிறது என்று மொழியியலாளர் நிங் யூ காட்டியிருக்கிறார்.

காலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. எதிர்காலம் என்கிறோம், அதாவது வருங்காலம் நம் முகத்துக்கு எதிரே வருகிறது. அப்படியென்றால் கடந்த காலம் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். ஆனால் போனவர்களை முன்னோர் என்கிறோம், ‘முன்பு’ என்றால் கழிந்தது, ‘பிற்காலம்’ என்றால் இனி வருவது. குழப்பம் போலத் தெரியும், குழப்பம் இல்லை. முதலாவதில் நான் வழியில் நிற்கிறேன், காலம் என்னை நோக்கி வருகிறது. இரண்டாவதில் நான் இல்லவே இல்லை. நிகழ்ச்சிகள் வரிசையாகப் போகின்றன, முன்னால் போனது முந்தியது. இரண்டும் இட உருவகம்தான், மூலக்களத்துக்குள் ஆட்களின் இருப்பு வேறு. தென் அமெரிக்காவின் அய்மாரா மொழியில் கடந்த காலத்துக்கான சொல், கண்ணையும் முன்பக்கத்தையும் குறிக்கும் சொல்லே. அது நம் ‘முன்னோர்’ போல வரிசைக் கணக்கு மட்டும் அல்ல என்பதற்கு ஆய்வாளர்கள் ரஃபயேல் நூன்யெஸும் ஈவ் ஸ்வீட்சரும் 2006ல் சைகைகளைச் சாட்சியாக வைத்தார்கள். பழையதைப் பேசும் அய்மாரா முதியவர்கள் கையை முன்னால் நீட்டினார்கள், வரப்போவதைச் சொல்லும்போது தோளுக்குப் பின்னால் காட்டினார்கள். நடந்தது கண்ட விஷயம், அதனால் கண் முன்னால். சொற்கள் போதாத இடத்தில் கை சாட்சி சொல்லியிருக்கிறது.

கணினியால் இதைச் செய்ய முடியுமா? 1970களிலேயே கணினி மொழியியலாளர் யோரிக் வில்க்ஸ் ஒரு வழி காட்டினார். ‘குடி’ என்ற வினை உயிருள்ள எழுவாயை எதிர்பார்க்கும். ‘கார் பெட்ரோல் குடிக்கிறது’ என்றால் எதிர்பார்ப்பு உடைகிறது, அங்கே உருவகம் இருக்கலாம். உடைந்த எதிர்பார்ப்பே மூலக்களத்தையும் சொல்லிவிடும்: குடிப்பது உயிரினம். அழகான யோசனைதான். ஆனால் பழகிப்போன உருவகத்தில் இது கோட்டைவிடும். ‘செலவழி’ என்ற வினையோடு ‘நேரம்’ அடிக்கடி வருவதால், எண்ணிப் பார்க்கும் கணினிக்கு அது விலகலாகவே தெரியாது. எவ்வளவு வேரூன்றிய உருவகமோ அவ்வளவு கண்ணுக்கு மறைவு. அதனால் பின்னால் வந்தவர்கள் வேறு அளவுகோலைச் சேர்த்தார்கள்: சொல் எவ்வளவு தொட்டுணரக்கூடியது என்பது. 2014ல் உளவியலாளர் மார்க் பிரைஸ்பார்ட்டும் சகாக்களும் சுமார் 40,000 ஆங்கிலச் சொற்களுக்கு மக்களிடமே 1 முதல் 5 வரை மதிப்புக் கேட்டு ஒரு பட்டியல் தந்தார்கள். தொட்டுணரக்கூடிய வினை, தொட முடியாத பெயர்ச்சொல்லோடு சேர்ந்தால் சந்தேகப்படலாம். தமிழுக்கும் இதே அளவில் ஒரு பட்டியல் வேண்டும் என்பது என் ஆசை.

இப்போது ‘ஆறு’. கோபத்தோடு வரும் கூட்டம் கொதிப்பு, சூடு, அனல், தணிவு. ஆகவே கோபம் பாலைப் போல ஆறுகிறது. ஒரு விஷயத்தை ‘ஆறப்போடுவது’ம் அந்த வகைதான். துக்கத்தின் கூட்டம் வேறு: மனம் காயப்பட்டது, குத்திக் கிளறாதே, காலம்தான் மருந்து, வடு மறையவில்லை. துக்கம் புண்ணைப் போல ஆறுகிறது. அதனால்தான் துக்கப்பட்டவரிடம் போய் ‘ஆறுதல்’ சொல்கிறோம், கோபக்காரரிடம் அந்தச் சொல்லோடு போவதில்லை. ஒரே வினை, நன்னூலின் ‘நூல்’ போல, இரண்டு வீட்டில் வாழ்கிறது.

இரண்டு வீடும் ஒன்றாகும் இடமும் உண்டு. “தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினாற் சுட்ட வடு.” குறளின் முதல் ‘ஆறும்’ உண்மையான புண்ணுக்கு உரியது, அடிப்படைப் பொருள். இரண்டாவது ‘ஆறாதே’ உருவகம். அதன் மூலக்களத்துக்குச் சூடு என்று பெயர் வைப்பதா, புண் என்று வைப்பதா? சுட்டதால் வந்த புண் அது, பிரிக்க முடியாது.